மகளுக்காகத் தேடிய சாப்பாட்டுக் கடைகள்

மருந்து விற்பனைப் பிரதிநிதியாக வயதில் பாதியை ஊர் ஊராகச் சுற்றிக் கழித்தவன் நான். எங்கள் தொழிலில் ஒரு புது ஊரில் போய் இறங்கினால் முதலில் விசாரிப்பது டாக்டர்களைப் பற்றி அல்ல, எங்கே சாப்பிடலாம் என்பதைத்தான். டாக்டர் கிளினிக்கில்தான் இருப்பார், ஓடிப்போக மாட்டார். நல்ல கடையில் பொரியல் தீர்ந்துவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான்.

கடை கண்டுபிடிக்க எனக்கென்று ஒரு வழி உண்டு. ஆட்டோக்காரரிடம் கேட்க மாட்டேன், தெரிந்தவர் கடை வாசலில் கொண்டுபோய் இறக்கிவிடுவார். லாட்ஜ் மேனேஜரிடம் கேட்கவே மாட்டேன். மருந்துக்கடைக்காரரிடம்தான் கேட்பேன். எந்தக் கடையில் சாப்பிட்டவர்கள் மறுநாள் காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மாத்திரை வாங்க வருகிறார்கள் என்பது ஊரிலேயே அவர் ஒருவருக்குத்தான் தெரியும். அவர் நல்ல கடை என்று சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு போகலாம். இதுவரை மோசம் போனதில்லை.

எங்களுக்கு மாயவரம். ஒரே மகள். அவளுக்குத் திருச்சிக்கு வெளியே ஒரு பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. வேதியியலுக்கு இடம் கிடைத்தபோது, கொண்டுபோய் விட நானும் மனைவியும் போனோம். மற்ற அப்பாக்கள் ஆய்வகம் எப்படி, வேலை கிடைக்குமா என்று விசாரித்துக்கொண்டிருந்தார்கள். நான், மனைவியும் மகளும் ஹாஸ்டல் அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்த நேரத்தில், கேட்டுக்கு வெளியே வந்து மருந்துக்கடையைத் தேடினேன்.

நெடுஞ்சாலை ஓரத்துப் பல்கலைக்கழகங்களுக்கு எதிரே என்ன இருக்குமோ அதுதான் அங்கேயும் இருந்தது. ஜெராக்ஸ் கடைகள், ஜூஸ் கடை, சாயங்காலமானால் சட்டியைத் தட்டித் தட்டியே பிள்ளைகளைக் கூப்பிடும் ஃப்ரைட் ரைஸ் வண்டிகள். எனக்கு அந்த சாஸ் வாசனையே ஆகாது. மருந்துக்கடைக்காரர் நல்ல மனிதர். பின்பக்கத் தெருவில் ஒரு வீட்டு மெஸ்ஸைச் சொன்னார். காரக்குழம்பும் கீரையும் நம்பிச் சாப்பிடலாம் என்றார். மேம்பாலத்தை ஒட்டி ஒரு தோசைக் கடையையும் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீரங்கத்துக்கு பஸ் ஏறினால் காலை இட்லியும் காபியும் எங்கே என்பது எனக்கே தெரியும்.

எல்லாக் கடைக்கும் அவளை அழைத்துப்போய்க் காட்டிவிட்டுத்தான் ஊருக்குத் திரும்பினேன். அப்போதெல்லாம் நன்றாகச் சாப்பிடுகிற பெண் அவள். ரசத்தை உள்ளங்கையில் வாங்கி உறிஞ்சிக் குடிப்பாள். அவள் அம்மா பார்வையாலேயே அதட்டுவாள். நான் பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு இன்னொரு கரண்டி விடச் சொல்வேன்.

அதன் பிறகு தினமும் மதியம் என் போனுக்கு ஒரு படம் வரும். தட்டு நிறையச் சோறு, குழம்பு, ஒரு ஓரத்தில் அப்பளம். எந்த ஊர்க் கிளினிக் வாசலில் காத்துக்கொண்டிருந்தாலும் அதைப் பார்த்துவிட்டு உடனே போன் செய்வேன்.

"என்ன பாப்பா, கீரை தண்ணியா இருக்கே?"

"ஆமாப்பா. இன்னைக்கு வேற ஆளு சமையலாம்."

"தயிர் வாங்கிக்க. கூட வச்சிச் சாப்பிட்டா இறங்கிடும்."

இப்படித்தான் பேசிக்கொள்வோம். அப்பனுக்கும் மகளுக்கும் சோத்தைத் தவிர வேறு பேச்சே கிடையாதா என்று மனைவி கேலி செய்வாள். கிடையாதுதான். அதில் ஒரு குறையும் எனக்குத் தெரியவில்லை.

இரண்டாம் வருடம் பொங்கலுக்கு வந்தவள், அதற்குப் பிறகு ஊருக்கு வரவில்லை. பிராஜெக்ட் இருக்கிறது என்றாள். படங்கள் மட்டும் தவறாமல் வந்தன. சித்திரை மாதம் ஒரு நாள் காலையில் அவளுடைய அறைத்தோழி போன் செய்தாள். தொட்டியத்துப் பெண், அப்பாவுக்கு வாழைத்தோப்பு. ஒருமுறை எங்களுக்கு ஒரு தார் கொடுத்தனுப்பியிருந்தாள். மகள் லேப் வராண்டாவில் மயங்கி விழுந்துவிட்டாள் என்றும், இப்போது எழுந்து உட்கார்ந்திருக்கிறாள் என்றும், நீங்கள் ஒருமுறை வந்தால் நல்லது என்றும் சொன்னாள்.

மனைவிக்கு அப்போது காலில் கட்டு. நான் மட்டும் பஸ் பிடித்துப் போனேன். ஹாஸ்டலில் பார்க்க வருகிறவர்களுக்கான அறையில் மகள் உட்கார்ந்திருந்தாள். என் கண் அவளைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வந்தது. பொங்கலுக்கு நாங்கள் எடுத்துக் கொடுத்த சுடிதார்தான் போட்டிருந்தாள். அது தோளில் நிற்காமல் நழுவிக்கொண்டே இருந்தது. கன்னம் இருந்த இடத்தில் எலும்பு தெரிந்தது.

"வெயில்தாம்பா. வேற ஒண்ணுமில்ல," என்றாள்.

அவளைப் படுக்கச் சொல்லி அனுப்பிவிட்டு அறைத்தோழியை நிறுத்தி வைத்துக் கேட்டேன். அந்தப் பெண் முதலில் சுவரைப் பார்த்தாள், பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

சமயபுரத்து அம்மன் பங்குனியில் விரதம் இருப்பது இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். பக்தர்கள் அம்மனுக்காக இருக்கும் விரதம் மட்டுமல்ல, பிள்ளைகள் நன்றாக இருக்க வேண்டும் என்று அம்மனே இருக்கும் பச்சைப்பட்டினி விரதம். மாசிக் கடைசி ஞாயிறு பூச்சொரிதலில் தொடங்கி நான்கு வாரம் அவளுக்குச் சமைத்த படையல் கிடையாது. பச்சரிசியும் வெல்லமும் இடித்துச் செய்யும் துள்ளுமாவு, இளநீர், பானகம், நீர்மோர் இவைதான். அம்மனே பட்டினி கிடக்கும்போது நாம் எப்படி மூக்குப் பிடிக்கச் சாப்பிடுவது என்று சேர்ந்து விரதம் இருக்கும் குடும்பங்கள் நிறைய. தொட்டியத்துப் பெண்ணின் குடும்பமும் அப்படித்தான்.

என் மகள் மெஸ்ஸில் தட்டைத் தள்ளி வைத்ததை முதலில் பார்த்தது அவள்தான்.

"சமயபுரத்துக்கு விரதமாடின்னு நான்தான் அங்கிள் கேட்டேன். ஆமான்னு தலையாட்டினா. எனக்கு ஒரே சந்தோஷம். உங்க ஊர்ப் பக்கமும் இருப்பீங்களா, தெரியாதேன்னு சொன்னேன். எல்லார்ட்டயும் நானே சொல்லிட்டேன். மெஸ் அக்கா அவளுக்குன்னு தனியா மோர் எடுத்து வைப்பாங்க. யாராவது இளநீர் வாங்கிட்டு வந்து ரூம் வாசல்ல வச்சிட்டுப் போவாங்க. விரதம் இருக்கிறவங்களச் சாப்பிடச் சொல்றது பாவம் அங்கிள். யாரும் ஒரு வார்த்தை கேக்கல."

"விரதம்தான் பங்குனியோட முடிஞ்சிருச்சேம்மா."

"தேர் முடிஞ்சப்புறமும் சாப்பிடல. இன்னும் ஒரு மண்டலம் வேண்டுதல் இருக்குன்னா. நாங்க நம்பிட்டோம்."

"எனக்கு டெய்லி போட்டோ அனுப்பினாளே?"

அந்தப் பெண் அழத் தொடங்கினாள். "அது என் தட்டு அங்கிள். அப்பா விரதத்தைப் பத்திக் கவலைப்படுவாரு, காட்டவேணாம், உன் தட்டப் படம் எடுத்துக்கறேன்னா."

எனக்கு வந்த கோபத்தில் அந்த ஹாஸ்டலையே கத்தி எழுப்பியிருப்பேன். இத்தனை பெண்கள், வார்டன், சமையல்காரர்கள், ஒருவருக்குமா சந்தேகம் வரவில்லை என்று வாய் வரைக்கும் வந்தது. ஆனால் யாரைத் திட்டுவது? அவர்கள் அவளை அலட்சியம் செய்யவில்லை. கும்பிடாத குறையாக வைத்திருந்திருக்கிறார்கள். சாமிக்கும் ஒரு பெண்ணுக்கும் நடுவில் யார் போய் நிற்பார்கள்? அந்தப் பெண்ணின் தலையைத் தொட்டு, நீ என்னம்மா செய்வ என்று மட்டும் சொன்னேன்.

தில்லைநகரில் எனக்கு நெடுநாள் பழக்கமான ஒரு டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனேன். ரத்தம், தைராய்டு, ஸ்கேன் எல்லாம் பார்த்தார். இரும்புச்சத்துக் குறைவு தவிர வேறு நோய் இல்லை என்றார். பிறகு மகளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, ஒரு மனநல மருத்துவரின் பெயரை எழுதிக் கொடுத்தார். "தள்ளிப் போடாதீங்க சார்," என்றார். நான் அந்தச் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். எவ்வளவு பெரிய டாக்டராக இருந்தாலும் சாப்பாட்டைப் பற்றி அவருக்கு என்ன தெரியும் என்றுதான் தோன்றியது. பசி எடுக்கும் டானிக்கைப் பல வருடம் விற்றவன் நான். பிள்ளை சாப்பிட மாட்டேன் என்கிறது என்று வரும் தாய்மார்களுக்கு இதை எழுதுங்கள் டாக்டர் என்று சிரித்துச் சிரித்துச் சொன்னவன். நல்ல சாப்பாடு கண்ணில் பட்டால் பசி தானாக வரும் என்பது என் எண்ணம்.

லீவு போட்டேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் அறை எடுத்துக்கொண்டு, தினமும் மதியம் பல்கலைக்கழகத்துக்குப் போய் அவளை அழைத்துக்கொண்டு கடை கடையாகப் போனேன். மறுபடியும் அதே மருந்துக்கடைக்காரரிடம் போய், இன்னும் நல்ல இடம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். அவர் புதிதாக வந்த இரண்டு கடைகளைச் சொன்னார். நானே நடந்து இன்னும் சிலவற்றைக் கண்டுபிடித்தேன். தொழிலுக்காக ஊர் சுற்றும்போதுகூட அவ்வளவு கவனமாகத் தேடியதில்லை. சாம்பார் வாளியை எட்டிப் பார்த்தேன், கை கழுவும் இடத்தைப் பார்த்தேன், சாப்பிட்டு வெளியே வருகிறவர்களின் முகத்தைப் பார்த்தேன்.

வீட்டு மெஸ்ஸில் முருங்கைக்கீரையும் வத்தக்குழம்பும். அவள் சோற்றைப் பிரித்தாள், பிசைந்தாள், இலையின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் நகர்த்தினாள். வாய்க்குப் போகவில்லை. பாலக்கரைப் பக்கம் ஒரு பிரியாணிக் கடை. சின்ன வயதில் பிரியாணி என்றால் அழுகையை நிறுத்துகிறவள். அன்றைக்குக் கத்தரிக்காய்ப் பச்சடியில் ஸ்பூனைத் தொட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"சாப்பாடு பிடிக்கலைங்களாம்மா?" என்று பரிமாறுகிறவர் வருத்தத்தோடு கேட்டார்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவளைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு நான் சத்தம் போட்டேன். "அரிசி விதையா நிக்குது, எப்படிங்க சாப்பிடறது?" என்றேன். அரிசி பஞ்சாக வெந்திருந்தது. பக்கத்து மேசைக்காரர்கள் தங்கள் தட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள். இப்படி அந்த வாரம் திருச்சியில் குற்றமில்லாத பல கடைகள் என்னிடம் திட்டு வாங்கின. அவள் ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் தாழக் குனிந்தாள்.

மேம்பாலத் தோசைக் கடையில்தான் அது நடந்தது. நெய் ரோஸ்ட் சொன்னேன். ஓரத்தில் ஒரு துண்டு கிள்ளி வாயில் வைத்தாள். மென்றாள், விழுங்கினாள். இன்னொரு துண்டு. அவள் முன்னால் கண் கலங்கக் கூடாதென்று கை கழுவப் போனேன். முகத்தையும் கழுவிக்கொண்டு திரும்பி வந்தபோது தட்டு காலியாக இருந்தது. சட்னிகூட வழித்திருந்தது.

வாசலுக்கு வந்து மனைவிக்குப் போன் செய்தேன்.

"சாப்பிட்டா. முழுசாச் சாப்பிட்டா. நெய் ரோஸ்ட். நான் என் கண்ணால பாத்தேன்," என்றேன். ரோட்டில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கும்படி கத்தியிருக்கிறேன்.

"சமயபுரத்தா, தாயே," என்று மனைவி அந்தப் பக்கம் அழுதாள். மகள் எனக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

ஆட்டோவில் ஹாஸ்டலுக்குத் திரும்பும்போது அவளுடைய துணிப்பை எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தது. வெளிர்நீலப் பை. அதன் அடியில் ஒரு கறை கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகிக்கொண்டிருந்தது. நெய் வாசனை அடித்தது. நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். அவளும் அவள் பக்கம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். இறங்கும்போது பையை மார்போடு அணைத்துக்கொண்டு, "போயிட்டு வரேம்பா," என்றாள். மனைவிக்கு நான் மறுபடி போன் செய்யவில்லை.

மறுநாள் எனக்கு வேறு வழி தெரியாமல் ஸ்ரீரங்கம் அழைத்துப்போனேன். அங்கே எனக்கு ஒரு கணக்கு இருந்தது. கடையில் வைத்ததை வேண்டாம் என்று சொல்லலாம். கோயிலில் கொடுத்ததை யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். சர்க்கரை வியாதிக்காரர்கள்கூட ஒரு பருக்கையைக் கண்ணில் ஒற்றி வாயில் போட்டுக்கொள்வார்கள். பெருமாளைச் சேவித்துவிட்டு வெளியே வந்ததும் அக்காரவடிசல் வாங்கி, "பிரசாதம் பாப்பா," என்று நீட்டினேன். நினைத்தபடியே இரண்டு கையையும் சேர்த்து வாங்கிக்கொண்டாள்.

பிராகாரத்தில் ஒரு தூண் நிழலில் உட்கார்ந்தோம். அவள் கையை வாய்க்குக் கொண்டுபோகவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை. கீழே வைக்கக் கூடாதே. நெய் விரலிடுக்கில் வழிந்து முழங்கை வரை வந்தது.

"நான் சாமி பேரச் சொல்லித் தப்பிச்சேன்," என்றாள். "நீங்க சாமி பேரச் சொல்லிப் பிடிக்கிறீங்க."

நான் கைக்குட்டையை எடுத்து அவள் முழங்கைக்குக் கீழே பிடித்தேன்.

"நேத்து பையில வச்சது உங்களுக்குத் தெரியும்லப்பா?"

"தெரியும்."

"நீங்க கை கழுவப் போறப்பவே தட்டுல இருக்கிறதப் பாத்தேன். திரும்பி வந்து நீங்க அதப் பாத்தா உங்க முகம் எப்படி ஆகும்னு நெனச்சேன். முடியலப்பா. அதான் எடுத்து வச்சேன். அப்புறம் அம்மாகிட்ட போன்ல பேசினீங்க பாருங்க, அப்படி ஒரு குரல் உங்ககிட்ட நான் கேட்டதே இல்ல. அதுக்கப்புறம் எப்படிச் சொல்றது?"

"ஏன் பாப்பா இப்படி? யாராவது ஏதாவது சொன்னாங்களா? படிப்பு கஷ்டமா இருக்கா?"

"தெரியலப்பா. மொதல்ல பசிக்கல, அவ்வளவுதான். அப்புறம் சாப்பாட்டப் பாத்தா பயம் வந்துருச்சு. நீங்க எதிர்ல உக்காந்து என் வாயையே பாக்குறப்ப தொண்டை இறுகிக்குது."

பயம் என்றாள். என் வாழ்நாளில் சோற்றைப் பற்றி எத்தனையோ பேசியிருக்கிறேன், உப்பு, புளி, பக்குவம், கைமணம் என்று. அந்தச் சொல் அதன் பக்கத்தில் வரும் என்று எனக்குத் தெரியாது. அவள் கையிலிருந்ததை என் கையில் வாங்கிக்கொண்டேன். பிரசாதம், எறிய முடியாது. நானே சாப்பிட்டேன். நெய்யும் வெல்லமும் பாலுமாக அருமையாக இருந்தது என்பதை வெட்கத்தோடுதான் எழுதுகிறேன். பிறகு கோயில் குழாயில் அவள் கையை முழங்கை வரை கழுவிவிட்டேன். எலும்பு என் விரலில் தட்டுப்பட்டது. அன்று மாலையே அந்த மனநல மருத்துவரைப் போய்ப் பார்த்தோம்.

அவர் எங்களோடு நிறைய நேரம் பேசினார். குணமாக வெகுநாள் ஆகும் என்றார். அவளிடம் தனியாகப் பேசியபின் என்னைத் தனியாக அழைத்தார். இனி சாப்பாட்டைப் பற்றி எதுவும் கேட்க வேண்டாம், என்ன சாப்பிட்டாய், எவ்வளவு சாப்பிட்டாய் என்ற பேச்சே வேண்டாம், தட்டைப் பார்க்க வேண்டாம் என்றார். நான் சரி என்றேன். வெளியே வந்து மகளோடு நடக்கத் தொடங்கியபோதுதான், அதைத் தவிர அவளிடம் பேச எனக்கு ஒன்றுமே இல்லை என்பது உறைத்தது. ஏதாவது பேச வேண்டுமே என்று பஸ் நம்பரைப் படித்துக் காட்டினேன்.

இப்போது திருச்சியிலேயே எடமலைப்பட்டி புதூரில் ஒரு மாடி போர்ஷன் வாடகைக்கு எடுத்துக் குடியிருக்கிறோம். மனைவி கால் சரியானதும் வந்துவிட்டாள். நான் வேலையிலிருந்து நின்றுகொண்டேன். மகளுக்குப் படிப்பை விட மனமில்லை, ஒரு வருடம் தள்ளிப் போட அனுமதி வாங்கியிருக்கிறோம். தொட்டியத்துப் பெண் வந்து பார்த்துவிட்டுப் போகிறாள். வாரம் ஒருமுறை டாக்டர். ஒரு நல்ல நாள், பிறகு சில மோசமான நாள் என்று போகிறது. அவள் பிழைத்துவிட்டாள் என்று எழுத எனக்கு ஆசைதான். எழுதும் நிலை இன்னும் வரவில்லை.

வீட்டுக்கு வந்த புதிதில் நான் டாக்டர் சொன்னபடி பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அவள் அம்மா அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டால் இரண்டு வாய் எடுப்பாள். நான் அடுத்த அறையில் இருமினால் கை நின்றுவிடும். நான் பார்க்காவிட்டாலும், பார்க்காமல் இருக்க நான் படுகிற பாடு அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. டாக்டர் இதைக் கேட்டுவிட்டு, எனக்கு நோகாமல் சொல்ல வேண்டுமே என்று சிரித்துக்கொண்டு, "அந்த நேரத்துக்கு அப்பா கொஞ்சம் வெளிய போயிட்டு வாங்களேன்," என்றார்.

அதனால் மத்தியானம் மனைவி சாதம் வடித்ததும் சட்டையை மாட்டிக்கொள்வேன். பேங்குக்குப் போகிறேன், மின்சாரக் கட்டணம் கட்டப் போகிறேன் என்று ஏதாவது சொல்வேன். மகளும் சரிப்பா என்பாள். ஜன்னலோரம் வந்து, நான் தெரு முனை திரும்பும் வரை அவள் நின்று பார்க்கிறாள் என்று மனைவி சொல்லியிருக்கிறாள். நான் முனை திரும்பி மறைந்த பிறகுதான் தட்டின் முன்னால் போய் உட்காருகிறாளாம். வெயில் கொளுத்துகிறது, எனக்கு முழங்கால் வலி வேறு. அதற்குள் சோறு ஆறிவிடக் கூடாதே என்று வேகமாக நடக்கிறேன்.